தலைக்கட்டுக்கு ஓர் ஆள்

மாநாட்டுக்கு இன்னும் 27 நாள். என் கையில் இருந்த தொண்டர்கள் 7 பேர். அந்த ஏழில் ஒருவர் என் கணவர். இன்னொருவன் எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற பையன்; சம்பளம் கொடுக்கிறவளிடம் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மூன்றாமவர் 74 வயது ஓய்வுபெற்ற ஓவர்சியர். "எனக்குக் குனிய முடியாதும்மா, ஆனா வர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் மதுரையில் கட்டட வடிவமைப்புப் பொறியாளர். பீம், தூண், ஃபுட்டிங் (அடித்தளம்) என்று கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் சிவில் பொறியாளர் சங்கம் வருடத்துக்கு ஓர் ஊரில் மாநாடு போடும். செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள், பொறியாளர் தினம் என்பதால் அதை ஒட்டித்தான் தேதி வைப்போம். இந்த முறை எங்கள் ஊர்.

குழுக் கூட்டத்தில் செயலாளர் அண்ணன் எழுந்து, "மாநாடுன்னா பொன்னாடையும் மூணு வேளைச் சாப்பாடும்தானா? வர்றவங்களை வச்சு ஒரு கண்மாய்க்கு ஏதாவது செய்வோம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். "அது மேடம் பாத்துக்குவாங்க." வரவேற்புத் தட்டு, வாசல் கோலம், சுற்றுச்சூழல் மூன்றும் ஒரே இலாகா போலிருக்கிறது.

சரி, ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். கண்மாய் வேலை முதல் நாள் காலையில்தான், கடைசி நாள் மதியத்தில் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்பு வேறோர் ஊரில் மரம் நடுவதைக் கடைசியில் வைத்தார்கள். 300 பேர் வந்த மாநாட்டில் குழி பக்கம் வந்தது 9 பேர். மற்றவர்கள் பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனில் இருந்தார்கள். "சேற்றுக் காலோட தொடக்க விழாவுக்கு வந்தா நல்லா இருக்குமா?" என்று பொருளாளர் கேட்டார். நன்றாகத்தான் இருக்கும் என்றேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. இயற்கையைக் காப்போம், எதிர்காலத்தைக் காப்போம், அனைவரும் திரண்டு வாரீர். குழுவில் 412 பேர். கட்டைவிரல் 61, கும்பிடு 38. ஒருவர் பச்சை இதயம் போட்டார். பத்து நிமிடத்தில் அதன் மேல் யாரோ டிஎம்டி கம்பி விலைப்பட்டியலைப் போட, என் எதிர்காலம் மேலே போய்விட்டது. பெயர் கொடுத்தது, முன்பே சொன்ன அந்த ஏழு பேர்.

அந்த வாரம் ஆவணி மூலத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறையறைகிறான். புட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலிக்காரனாகச் சிவபெருமான் வந்து, உதிர்ந்த புட்டு மட்டும் கூலியாகப் போதும் என்கிறார். அன்றைக்குப் பார்த்து அவிக்கிற புட்டெல்லாம் உதிர்கிறது. தின்றுவிட்டு வேலைக்குப் போனவர் ஆடுகிறார், பாடுகிறார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடித்தால் அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது, ராஜா முதுகு உட்பட.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இந்த வருடம்தான் அதை ஒரு தொண்டர் ஒருங்கிணைப்பாளரின் கதையாகக் கேட்டேன். வந்தியின் பங்குக் கரை எது, எத்தனை முழம் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். கூலி என்ன என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஆள் வேலை செய்யாததைக் கங்காணி கண்டுபிடிக்க முடிந்ததே, கரையில் அந்த ஒரு பங்கு மட்டும் அடையாமல் கிடந்ததால்தான். என் அறிவிப்பில் கரையும் இல்லை, முழமும் இல்லை, புட்டும் இல்லை.

அப்புறம் கண்மாயைப் பார்க்கப் போனோம். மேலூர்ப் பக்கம் ஒரு சின்னக் கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு, அதனால் நீர்வளத் துறையிடம் இல்லை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கரை மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய அப்பா அந்தக் கண்மாயில் மடை திறந்து மூடுகிற வேலை பார்த்தவராம்.

"எத்தனை தலைக்கட்டு நீங்க?" என்றார். எத்தனை குடும்பம் என்று அர்த்தம்.

"சங்கத்துல 412 பேர் தாத்தா."

"அப்ப 412 ஆளு வருவீங்ய."

"இல்ல தாத்தா, ஒரு நூறு பேர்..."

"வராதவய்ங்ககிட்ட என்ன வாங்குவீங்ய?"

ஊராரே கூடிக் கண்மாயைப் பராமரிப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர். அவர் காலத்தில் அது அப்படி. கோடையில் ஒரு நாள் குறித்துவிட்டால் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீடு பணமோ நெல்லோ கட்ட வேண்டும். இதைப் பழங்காலத்து அன்பு, ஒற்றுமை என்று நாம் உருகிப் பேசுகிறோம். பாதி அன்பு, பாதி அபராதம். 1858இல் வெள்ளைக்காரன் இதற்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். கரை உடைகிற ஆபத்து என்றால் ஊராரைப் பிடித்து வேலை வாங்கலாம் என்று. கண்மாய் உடைந்தால் தன் வயல் போகும் என்பதால்தான் அந்த மனிதர்கள் வந்தார்கள். எங்கள் சங்கத்தாருக்கு அங்கே வயல் இல்லை. எதைச் சொல்லி அவர்களை விடியற்காலை ஆறு மணிக்கு எழுப்புவது?

சீமைக் கருவேலத்தை வெட்டிப் போடலாம் என்பதுதான் எங்களுடைய முதல் யோசனை. தாத்தா சிரித்தார். கண்மாய்க்குள் நிற்கிற மரம் யாரும் நினைத்தபடி வெட்டுவதற்கில்லை, ஏலம் விட முறை இருக்கிறது. வேரோடு பிடுங்காமல் மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். அதைக் கைவிட்டு மூன்று வேலையாக எழுதினேன். ஒன்று, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் 600 மீட்டர் நீளத்துக்குக் குப்பை எடுப்பது. இரண்டு, வெளிக்கரையில் 400 பனங்கொட்டை ஊன்றுவது. மூன்றாவது வேலை எழுதும்போது எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை: வரத்துக்காலிலிருந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு வரை மட்டம் எடுத்து, அதாவது தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து, ஒரு வரைபடம் போட்டு ஊராட்சியிடம் கொடுப்பது.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பை மூடிவிட்டுப் போனை எடுத்தேன். ஐந்து சாயங்காலம், 96 அழைப்பு. எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சுதான். "சனிக்கிழமை காலை ஆறுலேருந்து எட்டரை. வரத்துக்கால்ல உங்க பங்கு 50 மீட்டர், உங்களோட நாலு பேர். கையுறை, சாக்கு எங்களோடது. எட்டரைக்குப் புட்டு. வர்றீங்களா, இல்லையா?" புட்டு என்றதும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். "பாக்கலாம்" என்றவர்களை இல்லை என்றே எழுதிக்கொண்டேன். மதுரையில் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம்.

அப்போது ஒரு விஷயம் பிடிபட்டது. குப்பை அள்ள வாருங்கள் என்றால் தயங்கியவர்கள், "மட்டம் எடுக்கணும் அண்ணே, லெவல் பாக்க ஆள் இல்ல" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், போனிலேயே தெரிந்தது. இருபது வருடமாக பில்லும் ஜிஎஸ்டியும் பார்த்து, சைட்டில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக் களைத்த மனிதர்கள். கல்லூரியில் கற்ற வித்தையை யாரும் கேட்டதில்லை. ஒருவர், "டோட்டல் ஸ்டேஷன் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்; நிலம் அளக்கிற மின்னணுக் கருவி அது. குனிய முடியாத ஓவர்சியர் கேட்கவே வேண்டாம். மட்டம் பார்க்கிற தன் பழைய டம்பி லெவலை மரப்பெட்டியிலிருந்து எடுத்து, முந்தின வாரமே இரண்டு குச்சி நட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து வைத்திருந்தார். அவர் குனியவே வேண்டாம்; முக்காலியின் மேல் கண்ணுக்கு நேராக நிற்கிற கருவி அது.

மண்டப வேலைக்கு ஆள் பிடித்தது தனி வேடிக்கை. மேடைக்கு 14 பேர் பெயர் கொடுத்தார்கள். பார்க்கிங்குக்கு ஒருவரும் இல்லை. உணவுச் சீட்டு கிழிக்கிற இடத்துக்கு ஒருவர் வந்து, எப்போது எனக்குச் சாப்பாடு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஜங்ஷனிலும் வந்து இறங்குகிறவர்களை வண்டி ஏற்றிவிடுகிற வேலை, இரவு இரண்டு மணிக்கும் ஆள் நிற்க வேண்டிய வேலை. அதை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? சங்கத்தில் யாருடனும் பேசாத, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிற இரண்டு பேர். கூட்டத்தில் பேச வராதவர்களுக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தால் எப்படிச் செய்வார்கள் என்பதை அன்று பார்த்தேன்.

கல்லூரி மாணவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு போன் போட்டால் கல்லூரிக்காரர்கள் 150 பேரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பத் தயாராக இருந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு வருடத்துக்கு 120 மணி நேரம் சேவைக் கணக்கு இருக்கிறது, சான்றிதழ் கொடுத்தால் போதும் என்றார்கள். வேண்டாம் என்றேன். உத்தரவில் வருகிற கூட்டம் நிழல் தேடும். அது அவர்கள் தப்பு இல்லை, நானும் அந்த வயதில் நிழல் தேடியவள்தான். மூன்று வேலையையும் எழுதி அனுப்பி, எது வேண்டும், ஏன் என்று இரண்டு வரி எழுதுகிறவர்கள் மட்டும் வரட்டும் என்றேன். 25 பேர் எழுதினார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "ஸ்டாஃப் பிடிக்க. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், கையில் பிடித்ததில்லை." மட்டம் எடுக்கும்போது நிறுத்திப் பிடிக்கிற உயரமான அளவுகோல்தான் ஸ்டாஃப். எழுதியவள் மூன்றாம் வருட சிவில் மாணவி!

அந்தப் பட்டியலில் 13 பெண்கள். போனில் பேசிய பெண் பொறியாளர்களில் பலர் நேராகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டார்கள்: "அங்க வீடு கீடு பக்கத்துல இருக்கா?" கண்மாய்க் கரையில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு அது பிரச்சினையே இல்லை என்பதால் குழுவில் யாருக்கும் தோன்றவே இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைச் சனிக்கிழமை காலை திறந்து வைக்கச் சொல்லி, தண்ணீர் நிரப்ப ஓர் ஆளும் போட்டு, அதை எல்லாருக்கும் தெளிவாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு மட்டும் 11 பெண்கள் பெயர் கொடுத்தார்கள். இயற்கையைக் காப்போம் என்று நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பலன் இல்லை.

டி-சர்ட் கதை. ஆதரவு கொடுத்த சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டும் என்றார்கள். பிளாஸ்டிக் எடுக்கிற இடத்தில் பிளாஸ்டிக் பேனரா என்று சண்டை போட்டு, துணியில் எழுத வைத்தோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். காலை ஐந்தரைக்கு அவர்கள் அனுப்பிய 150 டி-சர்ட் வந்தது, ஒவ்வொன்றும் தனித்தனி பாலிதீன் உறையில். மாணவர்கள் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு பையன் உறைகளை எல்லாம் பொறுக்கிக் கட்டிவிட்டு, "அக்கா, முதல் சாக்கு நிறைஞ்சிருச்சு. இன்னும் கண்மாய்க்குள்ளயே எறங்கல" என்றான்.

போனில் சரி என்றவர்கள் 58. அவர்களில் வந்தவர்கள் 44. அது போக மாணவர்கள் 25, ஊரிலிருந்து 19 பேர். மொத்தம் 88; நூறு வரவில்லை. ஆனால் எல்லாரிடமும் அவரவர் பங்குக்குச் சுண்ணாம்புக் கோடு இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே நானும் என் கணவரும் போய் 50 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, குச்சியில் எண் எழுதி நட்டிருந்தோம். நான்காம் எண் குழு ஏழு மணிக்கே முடித்துவிட்டு ஐந்தாம் எண்ணைக் கேலி செய்துகொண்டிருந்தது. போட்டிக்கு நான் ஏற்பாடு செய்யவில்லை, கோடு செய்தது.

குப்பையில் பாதி மது பாட்டில், அதிலும் பாதி உடைந்தது. மருந்துக்கடையில் வாங்குகிற மெல்லிய கையுறை இதற்கு ஆகாது. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறைதான் சரி. அதை முதலிலேயே வாங்கி வைத்ததால் ஒரே ஒரு கீறலோடு போயிற்று. மொத்தம் 31 சாக்கு. பழைய இரும்புக் கடைக்காரரின் தராசில் போட்டதில் மண்ணோடு சேர்த்து 284 கிலோ. தண்ணீர் பாட்டிலை அவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். ஷாம்பு, பாக்கு உறைகளை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த மாதிரி உறைகள் கடைசியில் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதுண்டு. டி-சர்ட் கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். ஊராட்சி டிராக்டரை முன்கூட்டியே பேசி வைக்காமல் குப்பை அள்ள இறங்கவே கூடாது. கரை மேல் கட்டி வைத்த சாக்கை நாய் பிரிக்கும், ஒரு காற்றுக்கு எல்லாம் மறுபடி உள்ளே போகும்.

மட்டம் எடுத்த குழுவிடம் நான் எட்டு மணிக்குத்தான் போனேன். சத்தம் இல்லை. சாலைக்கு அடியில் வரத்துக்கால் நுழைகிற குழாய்ப் பாலத்தில் அந்த மாணவி ஸ்டாஃபைப் பிடித்து நிற்கிறாள். ஓவர்சியர் லெவலில் கண்ணை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"வாய்க்கால் தரை 1.865. குழாயோட அடி 1.445."

சிவில் படிக்காதவர்களுக்கு: எண் குறைந்தால் இடம் உயரம் என்று அர்த்தம். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட 42 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாய்க்காலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால்தான் குழாய்க்குள் ஒரு சொட்டு நுழையும். அதற்கு முன்பே இடது பக்கத்தில் பள்ளமாகக் கிடக்கிற காலி மனைகளுக்குள் வழிந்துவிடும். கருவேலத்தையும் குப்பையையும் எத்தனை மாநாடு போட்டு எடுத்தாலும் இந்தக் கண்மாய் நிறையாது.

"புதுசா ரோடு போட்டப்ப வச்சது" என்றார் தாத்தா. "அதுக்கப்பறம் ரெண்டு தடவதான் தண்ணி பாத்தோம்."

"யாரு கான்ட்ராக்ட் இது?" என்று ஓவர்சியர் பொதுவாகக் கேட்டார். சுற்றி நின்றவர்களில் மூன்று பேர் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் குழாயைப் பார்த்தார்கள். பாண்டியன் பிரம்பை ஓங்கியது என்னவோ ஒருவர் மேல்தான். என் முதுகும் கொஞ்சம் எரிந்தது; இந்த மாதிரி நகர்களில் பள்ளமான மனையில் மண் கொட்டி மேடாக்கச் சொல்லி, அதற்கு ஃபுட்டிங் வரைந்து கொடுத்தவள் நான். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தொடக்க விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. சேற்றுக் கால் பத்துப் பதினைந்து தெரிந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் உரையின்போது கடைசி வரிசையில் ஐந்து பேர் லேப்டாப்பில் குனிந்திருந்தார்கள். அட்டெண்ட் பண்ணாமல் என்ன செய்கிறார்கள் என்று பொருளாளர் கோபமாகப் போனார். வரத்துக்காலின் நெடுக்குவெட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மதியம் படமும், குழாயை இறக்கிப் போட ஒரு மதிப்பீடும் தயார். சங்கத்துக் கடிதத்தோடு ஊராட்சியில் கொடுத்தோம். வேலை இன்னும் தொடங்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஓவர்சியர் போய்க் கேட்டுவிட்டு வருகிறார், அவரை யாரும் அனுப்பவில்லை.

பனங்கொட்டையை மறந்துவிட்டேனே. 400 கொட்டை, பத்தடிக்கு ஒன்று, ஓர் அடி ஆழம். ஊன்றி முடித்ததும் எல்லாரும் படம் எடுக்க வந்தார்கள், எடுக்க ஒன்றும் இல்லை. பனை முதலில் கீழேதான் போகும். இலை மேலே வர மாதக்கணக்காகும், காய்க்க பதினைந்து வருடமாவது ஆகும். மரக்கன்று நட்டுப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்த வெறும் கரை பெரிய ஏமாற்றம். தாத்தா மட்டும், "தைக்கு முன்னாடி ஒரு நட வந்து பாத்துக்கங்க. கெழங்கு புடுங்கிருவாய்ங்ய" என்றார்.

பொங்கல் கழித்துத்தான் போக முடிந்தது. கரையில் அங்கங்கே குழி. 400இல் 130க்கு மேல் எண்ணிப் பார்த்தேன், தோண்டியிருந்தது. மிச்சம் இருக்கிற இடத்தில் சிலவற்றில் ஈட்டி மாதிரி ஒற்றை ஓலை எட்டிப் பார்த்தது. தாத்தா திண்ணையில் உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மருமகள் ஒரு தட்டில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து வைத்தாள்.

"இது எங்க உள்ளது தாத்தா?"

"சாப்புடும்மா" என்றார், கரையைப் பார்க்காமல்.

நல்ல பருத்த கிழங்கு. நடுவில் பிளந்து நாரை உரித்துத் தின்றேன். இரண்டு சாப்பிட்டேன். கிளம்பும்போது பேரன் ஓடிவந்து கேட்டான், அடுத்த வருடமும் டி-சர்ட் தருவீர்களா என்று. உனக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன். பத்து என்றான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.